எந்தப் பத்தியில்

டெபோ ஏரியைத் தாண்டித் தெற்கே
அரை நாள் வந்த பிறகு
படகு மணலில் உட்கார்ந்துவிட்டது,
சுமை பிடிக்காத கழுதை மாதிரி.

என் நோட்டில் அன்றைய பக்கம்:
உப்புப் பலகை நூற்று நாற்பது.
கருவாடு முப்பத்தொரு மூட்டை.
டீசல் இரண்டு பீப்பாய், அதில் ஒன்று பாதி.
பயணிகள் இருபத்தாறு பேர், கைக்குழந்தைக்குக் கட்டணமில்லை.
ஆழம்: ஒன்றரை முழம்.
ஆழத்துக்கென்று பத்தி கிடையாது.
ஓரத்தில் எழுதிவைப்பது என் பழக்கம்.

போன வருடம் இதே நாளில்
இங்கே கோல் தரை தொடவில்லை என்றார் சினாலி,
நைஜரிடம் அல்ல, என்னிடம்,
ஏதோ நான் குடித்துத் தீர்த்ததுபோல.

வியாழக்கிழமை மோப்தியில் சந்தை.
அன்று செவ்வாய்.

வெள்ளத்தில் பூர்கூ புல்
ஆள் உயரத்துக்கும் மேலே மிதந்து நிற்கும்.
அதன் தண்டுகளுக்கிடையில்தான்
எங்கள் மூட்டையில் கிடந்த மீன்கள்
முட்டையிலிருந்து வந்தன.
இப்போது நீர் போய்விட்டது.
புல் சேற்றில் படுத்துக் கிடந்தது,
பச்சை இன்னும் போகவில்லை.

அதைத் தேடித்தான் மாடுகள் வந்தன.
முதலில் கொம்புகள்,
பிறகு தூசி,
பிறகு தொப்பியைப் பின்னால் தள்ளியபடி பெல்கோ.
மந்தையில் பன்னிரண்டு உழவு மாடுகள்:
நெல்காரர்கள் மேய்க்கக் கொடுத்தவை.
நுகம் அறிந்த கழுத்துகள்.

எவ்வளவு என்றார் சினாலி.
பெல்கோ காசு கேட்கவில்லை.
இரண்டு பலகை உப்பு, மாடுகளுக்கு.
ஒன்று, என்றார் சினாலி.
பெல்கோ புல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
அவசரமே இல்லாத மனிதர்.

பேரம் நடந்த நேரத்தில்
அவர் தங்கை தக்கோ
சுரைக்குடுவையை இறக்கி வைத்து
கருவாட்டுக்குப் பால் அளந்துகொண்டிருந்தாள்.
குழந்தைக்காரிக்குக் கொஞ்சம் கூட ஊற்றினாள்.
நானும் குடித்தேன்.
அதை எழுதவில்லை.

ஒன்றரைப் பலகையில் முடிந்தது.
பாதியாக உடைத்தபோது சிதறிய உப்பை
ஒரு கன்று நக்கியது, யாரும் விரட்டவில்லை.
கயிறு இறுகியது. மாடுகள் முழங்கால்வரை இறங்கின.
இருபத்தாறு பேரும் பின்னாலிருந்து தள்ளினோம்.
அடிமரம் முனகியது.
பிறகு ஒரு கணத்தில்
பாரம் எங்கள் கைகளை விட்டு நீருக்குப் போயிற்று.

இரவு விளக்கடியில் நோட்டைத் திறந்தேன்.
செலவு: உப்பு, ஒன்றரைப் பலகை.
எதற்கு?
கூலி என்று எழுதினால்
யாருடைய கூலி, பெல்கோவுடையதா,
மாட்டைக் கொடுத்துவைத்த நெல்காரருடையதா?
சுங்கம் என்றால் ரசீது கேட்பார்கள்.
கடைசியில் எரிபொருள் பத்தியில்
டீசலுக்குக் கீழே எழுதினேன்:
புல்.

படகுக்காரச் சீமாட்டி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.
என் சம்பளத்தில் அரைப் பலகை பிடித்தார்.
ஒன்றை மன்னித்தாராம்.

அடுத்த பயணம் எப்போது என்று
துறையில் யாரோ கேட்டார்கள்.
நான் கோலைக் காட்டினேன்.
ஈரம் அதன் நுனியில் மட்டும் இருந்தது.