இருட்டில் வைத்த குப்பி

திருப்பூரிலிருந்து ஐந்து லிட்டர் கேனில்
சாயத்தண்ணீர் கொண்டுவந்தேன்.
பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில்
மூடி கசிந்தது.
கண்டக்டர் இருதயராஜின் காக்கிக் கால்சட்டையில்
முழங்காலிலிருந்து கீழே நீலம் இறங்கியது.
“என்னம்மா இது, விஷமா?”
“ஆராய்ச்சிண்ணே.”
“ரெண்டும் ஒண்ணுதான்” என்று
கேனுக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

போஜன் அண்ணன் ஆலையில் சலித்துத் தள்ளியது
காம்பு, நார், தூசி,
யாரும் குடிக்காத தேயிலை.
இரும்புக் குடுவையில் அடைத்து
நூற்றெண்பது டிகிரியில் ஓர் இரவு.
காலையில் வடிகட்டினால் வெறும் கஷாயம்.
புறஊதா விளக்கடியில் நீட்டினால்
கஷாயம் கண் விழிக்கிறது.
மயிரிழையைப் பதினாயிரமாய்க் கீறினால்
அதில் ஒரு கீற்றளவு, இந்தக் கரிப்புள்ளி.
வெயில் பட்டால்
சாயத்தின் முதுகெலும்பை முறிக்கும்.

வெயில் பட்டால்.

குன்னூரில் ஆறு நாளாய் மூடுபனி.
மொட்டைமாடியில் கண்ணாடித் தட்டு,
தட்டில் நீலம்,
அதற்கு மேல் என் கையே எனக்குத் தெரியாத வெள்ளை.
கீழே சமவெளியில்
சாயப்பட்டறை வாய்க்கால் மேல்
வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

ஏழாம் நாள் பதினொன்றேகாலுக்கு விலகியது.
நாற்பது நிமிடம்.
சோற்றுக் கையோடு ஓடினேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சியெடுத்து
கருவியில் வைத்தேன்.
மயில்கழுத்து.
சீருடைத் துணி.
கடைசி அலசலின் நீர்.
அப்புறம், தட்டின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு
தெளிவாய்ப் படிக்க வந்தது.

கூச்சல் கேட்டு வந்த டெய்சி மேடம்
ஒன்றுதான் கேட்டார்:
“இருட்டுல வச்ச குப்பி?”

அதே நீர், அதே கரி,
கறுப்புத்தாள் சுற்றி அலமாரிக்குள்.
பிரித்தேன்.
அதுவும் பாதி வெளுத்திருந்தது.

வெயிலே படாமல் எங்கே போனது?
கரியைச் சாராயத்தில் அலசினேன்.
அத்தனை நீலமும்
ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வந்தது.

ஒளிந்தது வேறு, ஒழிந்தது வேறு.
ஓரெழுத்து.
அந்த ஓரெழுத்தைத் திருத்தத்தான்
வெயில் வேண்டியிருக்கிறது.
வெளிச்சத்துக்கும் ஒளி என்றே பெயர் வைத்தவர்கள்
என்ன நினைத்து வைத்தார்களோ.

தொண்ணூற்றொன்றில் நாற்பத்தாறு கழித்து
நோட்டில் நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
அதற்கும் கீழே, சின்னதாய்:
உப்பு குறையவில்லை.

அடுத்த வாரம் அதே பஸ், புதுக் கேன்,
அதே கால்சட்டை.
“நாலு தடவை துவைச்சாச்சு, போகலை.
உன் மருந்துல ஒரு சொட்டு ஊத்தேன்.”
“ஊத்தி வெயில்ல போடணும்ண்ணே.”
காட்டேரி தாண்டியிருந்தோம்.
அவர் ஜன்னலைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.
டிரைவர் முன்விளக்கைப் போட்டார்.