டிக்கியில் இருப்பவை

இந்தக் கேம்ரிக்கு வயது இருபத்தொன்பது.
எனக்கு அதைவிடப் பன்னிரண்டு கூட.
இரண்டில் எது முதலில் நிற்கும் என்று
நிறைமதி கேட்பாள்.
நிற்பதற்கு மாற்று வைத்திருக்கிறாயா என்றும்.

காருக்கு வைத்திருக்கிறேன்.
ஃபேன் பெல்ட் இரண்டு,
ஒன்று பழசு, ஆனாலும் ஓடும்.
தெர்மோஸ்டாட்.
ஃப்யூஸ்கள், இருமல் மிட்டாய் டப்பாவில்.
பெட்ரோல் பம்பு ரிலே, ஒற்றைக் காலுறைக்குள்
(மற்றதை இன்னும் தேடுகிறாள்).
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.
ரேடியேட்டரின் மேல் ஹோஸ்,
பழைய துண்டில் சுற்றி,
மடக்கிய முழங்கை மாதிரி.
இருபது லிட்டர் தண்ணீர்.

இடமில்லாமல்
அடிலெய்டில் வாங்கிய பொன்னி அரிசி
பின்சீட்டில் சீட்பெல்ட் போட்டுக்கொண்டு
கூபர் பீடி வரை உட்கார்ந்து வரும்.

ஒன்று கவனித்திருக்கிறேன்.
டிக்கிக்குள் ஏறிவிட்ட சாமான்
அதன்பின் காரில் பழுதானதே இல்லை.
ரிலே வாங்கினேன், மூடி வெடித்தது.
மூடி வாங்கினேன், பெல்ட் அறுந்தது.
என் பட்டியலை யாரோ
வரி வரியாகப் படித்துவிட்டு
இல்லாததாகப் பார்த்து வருகிறார்கள்.

பிம்பா தாண்டி நாற்பதாவது கிலோமீட்டர்.
ஹார்ட் ஏரி.
பெயர்தான் ஏரி, கண் கூசும் வரை உப்பு.
ஓரத்தில் ஒரு பச்சை மேக்னா
வாயைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெண்,
மடியில் கூண்டு,
கூண்டில் கன்னம் சிவந்த ஒரு கிளி.

லொரேன் என்றாள்.
கிளிக்கும் ஒரு பெயர் சொன்னாள், மறந்துவிட்டேன்.
அவளுடைய மேல் ஹோஸ்
விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

என்னிடம் இருக்கிறது என்று
வாய் முந்திக்கொண்டது.
உடனே, இது கேம்ரியுடையது,
உன்னுடையது மேக்னா என்றேன்.
வட்டம் வட்டம்தானே என்றாள்.

வட்டம் வட்டமாகத்தான் இருந்தது.
வளைவுதான் வேறு.
ரொட்டிக் கத்தியால் அவள் ஒரு முனையை அறுத்தாள்,
நான் கிளாம்ப் முடுக்கினேன்,
பத்து லிட்டர் ஊற்றினோம்.
ஏரிக்கு அப்பால் ஒரு சரக்கு ரயில்
போய்க்கொண்டே இருந்தது,
நாங்கள் முடித்த பிறகும் முடியாமல்.

கொஞ்சம் கசிந்தது. பிறகு நின்றது.
பிம்பா வரை போதும் என்றாள்.
காசு நீட்டினாள், மறுத்தேன்.
குவாண்டாங் ஜாம் ஒரு பாட்டில் நீட்டினாள்.
ஜாமை யார் மறுப்பார்.

அவள் தெற்கே. நான் வடக்கே.

கிளெண்டம்போ தாண்டியதும் பலகை:
அடுத்த பெட்ரோல்
இருநூற்றைம்பத்துநான்கு கிலோமீட்டர்.
அப்போதுதான் உறைத்தது,
பட்டியலில் ஒரு வரி அழிந்திருக்கிறது.
படிக்கிறவர்
இந்நேரம் படித்திருப்பார்.

ரேடியோவை அணைத்தேன்.
ஏசியை அணைத்தேன்.
ஜன்னலை இறக்கினால் காற்று இரைகிறது என்று
அதையும் ஏற்றிக்கொண்டு
நாற்பத்தொரு டிகிரியில்
என் மேல் ஹோஸின் மூச்சைக் கேட்டபடி ஓட்டினேன்.
சூடு காட்டும் முள்ளிடம்
கண்ணே, அங்கேயே இரு என்றேன்.
சத்தமாகவே சொன்னேன்.
அரிசி மூட்டை தவிர யாருமில்லை.

நற்குணம் செய்தவன் மாதிரியே இல்லை.
அவசரப்பட்டவன் மாதிரி இருந்தது.
நூறாவது கிலோமீட்டரில்
லொரேனைத் திட்டினேன்.
நூற்றைம்பதில் கிளியை.

முள் அசையவில்லை.

இருட்டும் நேரம்
வழியெல்லாம் ஓபல் தோண்டிய மண்மேடுகள்,
பிறகு வீட்டு விளக்கு.
நிறைமதி டிக்கியைத் திறந்தாள்.
துண்டின் நடுவே, ஹோஸ் கிடந்த பள்ளத்தில்,
உருளாமல் இருக்கட்டும் என்று நான் வைத்த
செக்கச்செவேல் பாட்டில்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
இது என்ஜினில் எந்த இடத்தில் மாட்டுவது
என்று கேட்டாள்.