மீதி மண்

ஒத்தக்கடைக்கு வரும்போது
எந்த ஊரும் அரைக்கிலோதான்.
துணிப்பையில், மஞ்சள் பையில்,
ஒருமுறை யாரோ ஒரு பிள்ளையின் பென்சில் டப்பாவில்.
கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டு
பஸ் கூரையில் வெயில் பட்டு வந்து
என் மேசையில் வரிசையாய் உட்கார்ந்திருக்கும்.

நான் ஊட்டியைப் பார்த்ததில்லை.
பையைப் பிரித்தால்
வடிகட்டிப் போட்ட டீத்தூள்போலக் கறுத்து ஈரமாய் இருக்கும்.
மீட்டரில் நாலரை.
"எலுமிச்சம்பழம் பிழிஞ்ச ஊரு" என்பான் சுருளிவேலு.

சாயல்குடி மண்ணை நிழலில் காயப்போட்டால்
மூன்றாம் நாள் ஓரமெல்லாம் வெள்ளை பூக்கும்.
நாக்கில் வைக்கக் கூடாது என்பது விதி.
வைத்திருக்கிறேன்.

திசையன்விளையிலிருந்து வரும் தேரியைச் சலிக்க வேண்டாம்.
அங்கத்துக் காற்று சலித்தே அனுப்பும்.

விளாத்திகுளத்துக் கரிசலுக்கு
மரச்சுத்தியல் இரண்டு உடைந்திருக்கிறது.
அத்தனை வீம்பு.
ஒரு கரண்டி தண்ணீர் பட்டதும்
விரலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது.
அந்தப் பைக்குள் நாலாய் மடித்த தாள் ஒன்று:
"எம் மண்ணுக்கு என்ன குறைன்னு எழுதுங்க.
குறை இல்லேன்னாலும் எழுதுங்க.
இப்படிக்கு வெள்ளத்தாய்."

வேலை எளிது.
மண்ணைப் பரப்பி நாலு பங்கு வை.
எதிரெதிர் மூலை இரண்டைத் தள்ளு.
மிச்சத்தைக் கூட்டு, மறுபடி நாலு பங்கு வை.
ஒரு கைப்பிடி நிற்கும்வரை.

தள்ளின மூலைகள் எங்கே போகும்
என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
பின்வாசல் வேம்படியில்
பதினோரு வருஷமாய்க் கொட்டுகிறேன்.
கரிசல் மேல் தேரி,
தேரி மேல் வேதாரண்யம்,
அதற்கும் மேல் தலைஞாயிற்று வண்டல்.
ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய தூரங்கள்
ஒரு சாண் உயரத்தில் கிடக்கின்றன.
மதியத்தில் ஒரு நாய் வந்து
எல்லா மாவட்டத்திலும் கால் நீட்டிப் படுக்கும்.

ஐப்பசியில் யானைமலை தெரியாத அளவுக்கு மழை.
மறுநாள் போய்ப் பார்த்தேன்.
தேரி குடித்துவிட்டுக் குடிக்காததுபோல் இருந்தது.
கரிசலில் செருப்பு மாட்டிக்கொண்டது.
உப்பு மண்ணில் தண்ணீர் அப்படியே நின்று
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வாரம் கழித்து ஒரு பருத்தி,
நாலைந்து குதிரைவாலி,
பேர் தெரியாத ஒரு மலைச்செடி முளைத்தன.
மலைச்செடி மட்டும் மூன்று நாளில் பழுத்துப்போனது.
மதுரை வெயிலைப் பற்றி
அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"திங்கக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க,
பின்னாடி கிடக்கிற குப்பையை அள்ளிருங்க"
என்றார் ரெஜினா மேடம்.

அந்தச் சொல் என்னவோ செய்தது.
பத்து இடத்தில் குழி வெட்டி எடுத்து,
கலந்து, காயவைத்து, பங்கு வைத்து,
முறைப்படி சோதித்தேன்.

கார அமில நிலை ஏழு புள்ளி ஒன்று.
உப்பு, பாதகமில்லை.
தழை, மணி, சாம்பல், எல்லாம் நடுத்தரம்.
பரிந்துரை: எப்பயிரும் செய்யலாம்.

இப்படி ஒரு நல்ல மண்
பதினோரு வருஷத்தில் எனக்கு வந்ததில்லை.
வந்ததெல்லாம் புளித்தது, கரித்தது,
பிடித்தால் விடாதது, பிடிக்கவே தெரியாதது.
யாரும் உழாத, யாரும் கடன் வாங்காத,
யாரும் தாள் மடித்து வைக்காத மண் இது.
ஊர் என்று போட்ட கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
கிழித்துப் போட்டேன்.

வெள்ளத்தாய்க்கு மட்டும் எழுதினேன்:
"தழைச்சத்து கம்மி.
வேறு குறை இல்லை.
கோபம் அதிகம், அது அந்த மண்ணின் குணம்."
கடைசி வரியை
மேடம் பார்க்கும்முன் உறையில் ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் வண்டி வந்து அள்ளிப்போனது.
குழாயடியில் கை கழுவினேன்.
தேரி முதல் தண்ணீரிலேயே போய்விட்டது.
கரிசல் நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

மேலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
இந்தப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய், நாற்றுப் பச்சை.
அந்தப் பக்கம்
கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் போன
வெள்ளைக் குழி.
நடுவில் ஒரே ரோடு.

"எந்த ஊரும்மா?" என்றான் கண்டக்டர்.

சில்லறை தேடுவதுபோல்
பைக்குள் கையை விட்டு
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.