முதற்பலன்

வாரத்தில் மூன்று நாள்
விடியுமுன் களியக்காவிளையில் நிற்பேன்.
எல்லைக்கு இந்தப் பக்கம் இறங்கி
அந்தப் பக்கம் வேறு பஸ்.
பலகையில் எழுத்து மாறும்,
மருந்துச் சீட்டு மாறாது.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில்
நாலு மணி நேரம் இவருக்கு ரத்தம் கழுவுவார்கள்.
நான் வராந்தாவில் வேதப்புத்தகத்தோடு.
எப்போதும் சந்தோஷமாயிருக்கச் சொல்லுகிற
அந்த இடம் வந்தால்
கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு
அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன்.
கர்த்தருக்கு அது தெரியும்.
விரலை எடு என்று அவரும் சொல்லவில்லை.

அறுப்புப் பண்டிகை வந்தது.
என்னத்தை அறுக்க?
ஆடிக் காற்றில் ஏத்தன் வாழை மொத்தமும் சாய்ந்தது.
பால்வெட்ட ஆளின்றி ரப்பர் மரங்கள்
சிரட்டை கவிழ்த்து நிற்கின்றன.
மரச்சீனியைப் பெருச்சாளி அறுத்தது, எனக்கு முன்பே.
அன்று காலை மட்டும்
மொட்டைக்கழுத்துக் கோழி
விறகுக்கட்டுக்குள் முதல் முட்டை இட்டிருந்தது.
சூடு ஆறுமுன் முந்தானையில் பொதிந்துபோய்
சேனைக்கும் பூசணிக்கும் நடுவே வைத்தேன்.
வைத்த கையை ஒளித்துக்கொண்டேன்.

ஏலம் விட்டவர் யோவேல் சார்,
தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்ந்த கை.
குலை எண்ணூறு. சேவல் ஆயிரத்து இருநூறு.
என் முட்டையை வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.
"ஞானாபரணத்துக்க முட்டை!
ஐம்பது, எழுபது, நூறு ஒரு தரம்,
நூறு ரெண்டு தரம்" என்று
மேஜையில் ஓங்கிக் குத்தினார்,
முட்டை இருந்த கையால்.

மஞ்சள் முழங்கை வரை வழிந்தது.
பாடகர் வரிசையில் ஒரு பிள்ளை க்ளுக் என்றது.
அப்புறம் தகரக் கூரை அதிர்ந்தது.
போதகர் அங்கிக்குள் முகத்தைப் புதைத்தார்.
நான் சிரித்தேன்.
மாசக்கணக்காய் வண்டல் அடைத்த மடை
பிய்த்துக்கொண்டதுபோல்,
வயிறு நோக, மூக்கு ஒழுக,
யாரோ முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

"இருநூறு!" பின்வரிசையில் மெக்கானிக் நேசையன்.
"எதுக்குடே? ஓட்டுக்கா?"
"ஓட்டுக்குத்தான்."
"முந்நூறு!" பெண்கள் பக்கமிருந்து.
ஐந்நூறில் மூன்று தரம் முடிந்தது.
ஓட்டைக் காகிதத்தில் பொதிந்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் நேசையன்.
காசு கூரைக்கு, எனக்கில்லை.
அதுவே போதும்:
ஒரு நாளாவது நான் கொடுக்கிற ஆள்.

மறுநாள் ஊசி குத்தி, குழாய் சிவந்து ஓட,
இவருக்குச் சொன்னேன்.
முழங்கைக்கு வந்தபோது தோள் குலுங்கியது.
மெஷின் கூவிற்று.
"அனங்ஙல்லே, அனங்ஙல்லே" என்று நர்ஸ் ஓடிவந்தாள்.
பிறகு அவளுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று
என் அரைகுறை மலையாளத்தில்.
முட்டைக்கு அந்தப் பாஷையிலும் முட்டதான்.

அன்றைய ரிப்போர்ட்டில் ஒன்றும் இறங்கவில்லை.
வராந்தாவில் வேதத்தை விரித்தேன்.
பழக்கத்தில் விரல் அங்கேதான் போனது.
கொஞ்சம் நகர்த்தினேன்,
பாதி வார்த்தை தெரிகிற அளவுக்கு.