செயலில் இல்லாத எண்

இருநூற்றுப் பதினொரு கடிதங்கள் அச்சடித்தேன்
ஹேவன்ஸ்கிராஃப்ட் நகராட்சியின் சம்பளப் பிரிவில்.
எல்லாவற்றிலும் ஒரே வாசகம், தொகை மட்டும் வேறு.
"வருந்துகிறோம்" என்ற சொல்லை
இரண்டாம் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு
ஏற்றச் சொன்னார் வழக்கறிஞர்.
ஏற்றினேன்.
மறுபடி இருநூற்றுப் பதினொன்று.

உறை ஒட்டும் இயந்திரம் பழுது.
நாக்கில் பசை காய்ந்துபோக
ஒவ்வொரு பெயராக ஒட்டினேன்:
நூலகத்து இமெல்டா கிராஸ்பி,
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்
இனி அறுநூற்று எண்பத்து நான்கு.
பனி தள்ளும் வண்டி ஓட்டிய ஹோரேஸ் டில்மன்.
தண்ணீர்க் குழாய்ப் பிரிவு அன்செல்மோ ஃபுர்டாடோ,
ஊழியர் எண் 0387, முப்பத்தொரு வருடம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து
இனி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

பள்ளியின் கூடைப்பந்துத் தளத்தில் கூட்டம்.
தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர்
திரையில் படம் காட்டினார்.
முப்பது வருடமாக நாங்கள் "வாக்கு" என்றதை
அவர் "நிதிச்சுமை" என்று எழுதியிருந்தார்.
ஃபுர்டாடோ எழுந்து ஒன்றுதான் கேட்டார்:
"கணப்பு எண்ணெய்க்காரனுக்கும்
நாற்பது சதவீதம் குறைத்துக் கொடுக்கலாமா?"
கூட்டம் சிரித்தது.
ஆலோசகர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

என் இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது.
ஆட்கள் சம்பள உயர்வு கேட்ட வருடம்
நகரம் தந்த பதில்:
இப்போது கையைக் கடிக்கிறது,
பொறுத்துக்கொள்ளுங்கள்,
ஓய்வுக்குப் பின் சேர்த்துத் தருகிறோம்.
அன்றைய மேயரின் கையெழுத்து.
நல்ல நீல மை,
இன்னும் மங்கவில்லை.

ஜனவரி, பின்னிரவு இரண்டு மணி.
கட்டர் தெருவில் பெருங்குழாய் வெடித்து
வெடித்த வேகத்தில் தண்ணீர் உறைந்துகொண்டிருந்தது.
ஆறு பேர் இருக்கவேண்டிய பிரிவில்
இரண்டு பையன்கள், கையில் ஒரு டேப்லட்.
வரைபடம் காட்டிய இடத்தில்
மருந்துக்கடையின் சுவர் நின்றது.
ஓய்வுபெற்றவர்களின் தொலைபேசி எண்கள்
என்னிடம்தான் இருக்கின்றன.
எழுப்பினார்கள். நான் அவரை எழுப்பினேன்.

கோட்டுக்குக் கீழே பைஜாமா தெரிய வந்தார்.
தேவாலய மூலையிலிருந்து
வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்து
பனியில் குதிகாலால் ஓர் உதை: "இங்கே."
தோண்டினார்கள். இரும்பு மூடி.
"இது தலைகீழாகத் திருகும்,
பழகின பக்கம் திருகினால் உடைந்துவிடும்."
தெருவின் இரைச்சல் மெல்ல மெல்ல
மூச்சாகி, நின்றது.

மற்ற திருகுகள் எங்கே என்று கேட்டான் ஒரு பையன்.
வரைந்து வைத்தவர் யாருமில்லை.
ஃபுர்டாடோ நெற்றியைத் தட்டினார்.
"எல்லாம் நினைவிருந்தது.
இப்போது அறுபது சதவீதம்தான்."
அவர் சிரிக்கவில்லை.
நாங்களும்.

விடிந்ததும் வேலை நேரப் பதிவில் தட்டினேன்:
0387, நான்கு மணி நேரம்,
இரவு, ஒன்றரை மடங்கு.
கணினி சொன்னது: இந்த எண் செயலில் இல்லை.
மறுபடி தட்டினேன்.
செயலில் இல்லை.

காகிதத்தில் எழுதி அதிகாரியின் கதவுக்கடியில் தள்ளினேன்.
மதியம் மஞ்சள் சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது:
"தன்னார்வச் சேவை என்று போட்டுவிடலாமா?"

ஜன்னலோரக் குழாயைத் திறந்தேன்.
முதலில் துருவின் நிறம்,
அப்புறம் தெளிந்தது.
ஒரு குவளை குடித்தேன்.
மேசையெங்கும் தேடி ஒரு நீலப் பேனா எடுத்து
சீட்டின் கீழே "கூடாது" என்று எழுதி
கையெழுத்துக்குப் பக்கத்தில்
என் எண்ணையும் போட்டேன்.
0612.
இன்று மதியம் வரை
செயலில் இருக்கிறது.