எழுதாதது

இரவு ஒன்றரை. தங்கச்சிமடம்.
கச்சான் காற்றுக்குத் தகரம் படபடக்கிறது.
என் திரையில் ஒஹாயோக்காரர் ஒருவர், ஐம்பத்தொன்று,
ரத்தம் சுத்தம், ஸ்கேன் சுத்தம்.
தகப்பனுக்கு மட்டும் புராஸ்டேட் புற்று.
இசட் எண்பது புள்ளி நாற்பத்திரண்டு
என்று தட்டுகிறேன்.
நோய் இல்லை இது,
நோய் வந்துபோன வீட்டின் கதவிலக்கம்.

மரபணுவில் பார்த்திருந்தால் வேறு எண்.
டாக்டர் எழுதவில்லை, நான் போடக் கூடாது.
பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள்:
எழுதாதது நடக்காதது.

அப்பா சூசைமிக்கேல்
கடைசி வருசம் இடுப்பெலும்பு நொந்து
சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.
பெரியாஸ்பத்திரிச் சீட்டு
ஐஸ் பெட்டியில் நனைந்து கூழானது.
இறப்புச் சான்றில், அறுபத்துமூன்று வயதுக்காரருக்கு,
வயோதிகம்.

அண்ணன் அமலதாசுக்கு நாற்பத்தேழு.
ராத்திரிக்கு நாலு தரம் எழும்புகிறான்,
கேட்டால், "கடல் குளிர்" என்பான்.
தங்கச்சி கேட்கிற கேள்வியா இது?

அடுத்த பைலைத் திறக்காமல்
போனை வாயருகே வைத்துச் சொன்னேன்:
"அண்ணே, கரைக்கு வந்ததும் ராம்நாடு போறோம்.
அப்பாவுக்கு என்னன்னு டாக்டரு கேப்பாரு.
வயசுன்னு சொல்லிராத."

ஒற்றை டிக்.
டவர் எட்டாத தூரத்தில் வலை போட்டிருப்பான்.
விடியுமுன் இன்னும் முப்பத்தாறு பைல்.