வாதாம் மரத்துக்கு விலை பேசியது

ஐப்பசிக்கு முன் முடித்துவிட வேண்டும்.
தானே புயலுக்குத் தப்பிய வாதாம்
இருதயராஜ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல்
கை ஊன்றி நிற்கிறது.

செம்மண்டலத்து மெஷின்காரர்
மரத்தைப் பார்க்காமலே
போனில் சொன்னார்: எட்டாயிரம்.
அடுத்து வந்தவருக்குக் காசே வேண்டாமாம்.
"அடியோட குடுத்துடுங்க."
குரலில் அத்தனை கனிவு.
கேட்டைச் சாத்திவிட்டேன்.

மூன்றாவது ஆள் பெயர் அஞ்சாப்புலி.
மரத்தை இரண்டு முறை சுற்றினார்.
மழைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றார்.
அந்த முருங்கையில் மட்டும் ஏறமாட்டேன் என்றார்,
நான் கேட்காமலே.
பெயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

"அவங்க பக்கம் மட்டும் கழிச்சாப் போதும்."
"அப்புறம் உங்க மேல சாயும்மா.
ரெண்டு பக்கமும் நாலாயிரம்.
ரெண்டு டீ. விறகு எனக்கு."

லைனை நிறுத்த எழுதிக் கொடுத்து
மூன்று நாள் அலைந்தேன்.
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
மின்விசிறி நின்றது.
அவர் ஏறினார்.

ஒவ்வொரு கிளையும் கயிற்றில் இறங்கியது,
மாடிப்படியில் நோயாளியை
நான்கு பேர் இறக்குவதுபோல்.

சாயங்காலம்
சமையலறைக்குள் வெயில்.
கடுகு டப்பாவின் துரு வரை தெரிந்தது.
நிமிர்ந்தால் எதிர் ஜன்னலில் இருதயராஜ்,
பனியனோடு,
தோசைக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"வெளிச்சமாயிடுச்சு" என்றார்.
"ஆமா" என்றேன்.

ஜன்னலுக்குத் திரை தைக்க
மஞ்சக்குப்பத்தில் ஆள் இருக்கிறதாம்.
இரண்டு பேரிடம் விலை கேட்டுவிட்டேன்.
ஒருவர் ஜன்னலைப் பார்க்காமலே சொல்கிறார்.